ஆறு மாதம் முன்பே தொடங்கும் படிப்பு

பிறருக்கு ஊசி போடுவதையே வேலையாகக் கொண்டவர், மேற்படிப்புக்குப் புறப்படும்போது முதலில் தன் கையை நீட்ட வேண்டியிருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. இன்று முதல் ஊசி என்றால் அடுத்த மாதம் இரண்டாவது; மூன்றாவது ஆறாவது மாதத்தில். அதுவும் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால்தான், உடம்பில் எதிர்ப்புச் சக்தி போதிய அளவு ஊறியிருக்கிறதா என்று தெரியும். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்க வேண்டும். கலந்தாய்வில் சீட் கிடைத்த பிறகு பெட்டி வாங்கலாம், யூனிஃபார்ம் தைக்கலாம், விடுதிக்குப் பணம் கட்டலாம். இந்த ஊசியை மட்டும் கடைசி வாரத்தில் முடிக்க வழியில்லை. மூன்று வாரத்தில் முடியும் அவசர அட்டவணை ஒன்று உண்டு. ஆனால் அதற்கும் பன்னிரண்டாம் மாதம் இன்னொரு ஊசி வேண்டும்.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கத்து மருத்துவமனைகளிலும் தொழிற்சாலை முதலுதவி அறைகளிலும் டிப்ளமோவோடு வேலை பார்க்கிற நர்ஸ்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். பிளஸ் டூ முடித்ததும் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்திருந்தால் நான்கு ஆண்டு. மார்க்கோ பணமோ வீட்டுச் சூழலோ அன்றைக்குத் தடுத்துவிட, மூன்று ஆண்டு ஜி.என்.எம். படித்து வேலைக்கு வந்தவர்கள் இவர்கள். அவர்களுக்காகத் திறந்திருக்கும் கதவு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். ஏற்கெனவே படித்ததை அடித்தளமாக எடுத்துக்கொண்டு இரண்டே ஆண்டில் பட்டம் தருகிற படிப்பு அது. ‘போஸ்ட் பேசிக் பண்ணலாம்னு இருக்கேன்’ என்று டியூட்டி மாறுகிற நேரத்தில் ஒருவர் சொன்னால், அந்த வார்டில் இருக்கும் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

இரண்டு ஆண்டு என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. பாடத்திட்டத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது. முதல் ஆண்டில் செவிலிய அடிப்படை, ஊட்டச்சத்து, உயிர்வேதியியல், உயிர் இயற்பியல், உளவியல், நுண்ணுயிரியல், தாய்மை நலம், குழந்தை நலம், மருத்துவ அறுவை சிகிச்சைச் செவிலியம், ஆங்கிலம். இரண்டாம் ஆண்டில் சமூகவியல், சமுதாய நலம், மனநலம், கற்பிக்கும் முறை, நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும். இவற்றோடு வார்டு போஸ்டிங், கேஸ் ஸ்டடி, ரெக்கார்டு நோட்டு. மூச்சு வாங்க நேரமில்லாத இந்த ஓட்டத்துக்கு முன்பாகக் கிடைக்கும் ஆறு மாதத்தை ஒருவர் எப்படிச் செலவழிக்கிறார் என்பதில்தான் முதல் ஆண்டின் பாதிச் சுமை இறங்குகிறது.

ஏணியும் குறுக்கு வழியும்

அமெரிக்காவில் நர்சிங் பட்டத்துக்கு வேறு ஒரு வழியும் இருக்கிறது. வணிகவியலோ வரலாறோ படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர், பிறகு நர்ஸ் ஆக விரும்பினால் முழு நான்கு ஆண்டு படிக்க வேண்டியதில்லை. 11 முதல் 18 மாதங்களில் முடியும் துரிதப் பட்டப்படிப்புகள் உண்டு. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971இல் இப்படி ஒன்றைத் தொடங்கியது. பின்னர் நாடு முழுவதும் அது பரவியது. அங்கே சேருவதற்கு முன்பே உடற்கூறியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் பாடங்களை முடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். படிக்கும் காலத்தில் வேலைக்குப் போக வேண்டாம் என்றும் பல கல்லூரிகள் அறிவுறுத்துகின்றன.

நம் ஊரில் பி.காம். முடித்தவர் நர்ஸ் ஆக வேண்டுமென்றால் முதல் படியில்தான் கால் வைக்க வேண்டும். இங்கே இருப்பது ஏணி. டிப்ளமோவிலிருந்து போஸ்ட் பேசிக். பட்டத்திலிருந்து இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. நர்சிங். மருத்துவமனை அனுபவம் உள்ள பட்டதாரிகளுக்கு, தீவிர சிகிச்சைக்கென்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்னும் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. அந்தக் கடைசிப் படிப்பில் வகுப்பறையைவிட ஐ.சி.யு.வில் நிற்கும் நேரமே அதிகம்.

இந்த ஏணியின் வேர் சென்னையிலேயே இருக்கிறது. 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கி, இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் அரசுப் பொது மருத்துவமனையில்தான் 1871இல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1909இல் நர்சிங் பள்ளி வந்தது. நர்ஸ்களுக்குப் பட்டப்படிப்பு என்பதே 1946இல்தான் இந்தியாவுக்கு வந்தது. அந்த ஆண்டு அதைத் தொடங்கிய இரண்டு இடங்கள் டெல்லியும் வேலூரும்.

சி ஷிப்டின் ஊர்

கும்மிடிப்பூண்டி தமிழ்நாட்டின் வடகோடி. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலைகள், வார்ப்பாலைகள், இன்ஜினியரிங் கம்பெனிகள், ரசாயன ஆலைகள். கொஞ்சம் தள்ளித் தேர்வாய்கண்டிகையில் மிஷ்லின் டயர் ஆலை. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்றுதான் இங்கே வீடுகளின் கடிகாரம் ஓடுகிறது. உலை முன்னால் நிற்பவருக்கு வெப்பம், வெல்டிங் பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணில் விழும் துகள், பிரஸ் மிஷினில் நிற்பவருக்கு விரல் என்று ஆபத்தும் ஷிப்ட் போட்டு வருகிறது.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவ, செவிலியப் பணியாளர்களின் பொறுப்பில் ஆம்புலன்ஸ் அறை ஒன்று இருக்க வேண்டும். 150 பேருக்கு ஒன்று வீதம் முதலுதவிப் பெட்டி வைக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 45ஆம் பிரிவில் வகுத்த விதி இது. அந்த அறையில் இரவில் தனியாக டியூட்டி பார்க்கிற நர்ஸ், பாடப்புத்தகம் சொல்லித்தராத பலவற்றைக் கற்றிருப்பார். சுட்ட இடத்தில் பற்பசையோ மஞ்சளோ பூசிக்கொண்டு வருபவரைத் தடுத்து, இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடிக்க வைப்பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளியிடம் வலி எங்கே என்று கேட்கிற அளவுக்கு இந்தி பழகியிருப்பார். எந்தத் தீக்காயத்தை இங்கேயே கட்டி அனுப்பலாம், எதை 108இல் ஏற்றிக் கீழ்ப்பாக்கத்துத் தீக்காயப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருக்குக் கண்ணளவில் தெரியும்.

கல்லூரிக்குள் நுழையும்போது இந்த அனுபவம் பெரிய பலம். அதே அனுபவத்தைச் சற்று ஓரமாக வைக்கவும் தெரிய வேண்டும். வேலையிடத்தில் வேகம்தான் மதிப்பு. கல்லூரியில் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் கேட்பார்கள். ஐந்து ஆண்டாகப் போட்டுக்கொண்டிருக்கும் ஐ.வி. கேனுலாவை ஏன் இந்த நரம்பில் போட்டாய், எத்தனை மணி நேரம் வைத்திருப்பாய், சிவந்து வீங்கினால் எந்தக் கட்டம் என்று கேட்டால் கை அறிந்ததை வாய் சொல்ல வேண்டும். நாமே சிஸ்டர் என்று பெயரெடுத்த பிறகு மறுபடி மாணவியாக நின்று பதில் சொல்வது பலருக்கு முதல் மாதத்தில் கஷ்டமாக இருக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்வதும் தயாரிப்பின் ஒரு பகுதிதான்.

ஃபைலுக்குள் ஒரு வாழ்க்கை

தமிழ்நாட்டில் போஸ்ட் பேசிக் சேர்க்கைக்கான கலந்தாய்வைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு நடத்துகிறது. தேர்வும் பட்டமும் 1988 முதல் கிண்டியிலிருந்து இயங்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கையில். நர்ஸ் என்ற தகுதிக்கான பதிவு, 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சிலிடம். அதன் அலுவலகம் மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில். மூன்று அலுவலகமும் சென்னையில் மூன்று மூலையில் இருப்பதால், கும்மிடிப்பூண்டியிலிருந்து போகிறவர் ஒரு சான்றிதழை மறந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், ஜி.என்.எம். மதிப்பெண் பட்டியல்கள், டிப்ளமோ, மாற்றுச் சான்றிதழ், நர்ஸ் என்றும் மருத்துவச்சி என்றும் கவுன்சில் வழங்கிய பதிவுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ். வேலையில் இருப்பவர் என்றால் நிர்வாகத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். இவற்றில் பெரும்பாலும் சிக்குவது இனிஷியல். பள்ளியில் அப்பா பெயரின் முதலெழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர், டிப்ளமோவில் ஓர் எழுத்து கூட. இந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். விண்ணப்பம் வெளிவருவதற்கு முன்பே எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் பெயர் இருக்கிறதா? மாநில கவுன்சிலின் அங்கீகாரம் நடப்பு ஆண்டுக்கு உண்டா? பல்கலைக்கழகத்தோடு இணைப்பு இருக்கிறதா? ஓராண்டு, ஆறு மாதம் என்று நர்சிங் பெயரில் சான்றிதழ் தரும் இடங்கள் சிறு நகரங்களில் நிறைய. அவற்றில் படித்தவரின் பெயரைக் கவுன்சில் பதிவேட்டில் ஏற்ற முடியாது. எல்லையோர ஊர் என்பதால் நெல்லூரிலோ திருப்பதியிலோ படிக்க நினைப்பவர்களும் உண்டு. வெளிமாநிலப் பட்டத்தைத் திரும்பி வந்து இங்குள்ள கவுன்சிலில் பதிய என்னென்ன கேட்பார்கள் என்பதைச் சேரும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. 2023இல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங், மருத்துவச்சி ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக வந்த சட்டம் இது. ஆகவே விதிகள் மாறும் காலம். இரண்டு ஆண்டு முன்பு படித்த அக்கா சொன்னதை அப்படியே நம்பாமல், நடப்பு ஆண்டின் தகவல் குறிப்பேட்டை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

வேலையை விடவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்காக இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதே பட்டத்தை மூன்று ஆண்டுப் படிப்பாக நடத்திவந்திருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு. பணி அனுபவமும் கேட்கிறார்கள். வேகம் குறைவு, சம்பளம் நிற்காது. குழந்தையை விட்டு நகர முடியாத தாய்மார் இதையும் ஒரு வழியாக வைத்துப் பார்க்கலாம்.

ரயிலா, விடுதியா?

சென்னையில் சீட் கிடைத்தால் வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 45 கிலோமீட்டர். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் என்று புறநகர் ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு இவ்வளவு சுலபமாகப் போக முடியாது. நேர் ரயில் இல்லை. சென்ட்ரல் வரை போய் அரக்கோணம் தடத்துக்கு மாற வேண்டும், அல்லது பஸ்ஸில் சுற்ற வேண்டும். அந்தத் திருவள்ளூரில் நோய் தீர்க்கும் ‘வைத்திய வீரராகவர்’ என்று பெருமாளையே அழைக்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கக் கூட்டம் கூடுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி அங்கே வந்தது 2022 ஜனவரியில்தான்.

தினமும் போய்வருவது சிக்கனம். மாணவர் சலுகை சீசன் டிக்கெட் கிடைக்கும். கல்லூரியின் சான்று வேண்டும். சென்ட்ரலில் இறங்கிய பிறகு சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் வார்டு போஸ்டிங் காலை ஏழரைக்குத் தொடங்கும் என்றால் வீட்டிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். நாலு மணிக்கு எழ வேண்டும். திரும்பும்போது மாலை ஏழு, எட்டு. ரெக்கார்டு எழுத மிச்சமிருப்பது தூங்க வேண்டிய நேரம்.

அடுத்தது மழை. ஐப்பசி, கார்த்திகையில் பேசின் பிரிட்ஜ் பக்கம் பாலத்தடியில் தண்ணீர் ஏறினால் புறநகர் ரயில் நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் தண்ணீரில் நிற்க, ரயில்கள் ஓடவில்லை. நர்சிங் படிப்பில் விடுப்பு என்பது மற்ற படிப்புகளைப் போல இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். செய்முறைப் பயிற்சியில் பட்டம் வாங்குவதற்குள் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். தவறவிட்ட ஒவ்வொரு போஸ்டிங் நாளையும் பிறகு நின்று ஈடுகட்டியாக வேண்டும். முதல் ஆண்டாவது விடுதியில் இருந்துவிடுவது நல்லது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். மதுரையிலோ கோவையிலோ சீட் விழுந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

விடுதி பார்க்கப் போகும் நாளில் பகல் தூக்கத்துக்கு வசதி உண்டா என்று கேட்க வேண்டும். நைட் போஸ்டிங் முடித்து வந்து காலை ஒன்பது மணிக்குப் படுப்பவருக்கு, அந்த நேரத்தில் மெஸ்ஸில் சாப்பாடு கிடைக்குமா, அறையில் மற்றவர்கள் விளக்கு போடுவார்களா என்பதெல்லாம் பெரிய விஷயம். சி ஷிப்ட் முடித்து வரும் அப்பாவுக்காகப் பகலில் ஜன்னலை மூடி, டிவி சத்தத்தைக் குறைத்துப் பழகிய கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாற்பத்திரண்டு சொட்டு

புத்தகத்தில் எதை முதலில் திறப்பது? கணக்கு. நர்ஸ் வேலையில் ஒரு பெருக்கல் தவறினால் நோயாளியின் உடம்பு அதைத் தாங்க வேண்டியிருக்கிறது.

500 மில்லி சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் ஐ.வி. செட். 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. இதே 42 சொட்டை, மில்லிக்கு 15 சொட்டு விழும் செட்டில் ஓடவிட்டால் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டியது மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். இதயம் பலவீனமான முதியவருக்கு அந்த ஒரு மணி நேரம் மூச்சுத் திணறலாக மாறலாம். உறையில் அச்சிட்டிருக்கும் அந்தச் சின்ன எண்ணைப் பார்த்த பிறகுதான் கணக்குப் போட வேண்டும்.

இன்சுலின் இன்னும் நுணுக்கமானது. நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ள குப்பியும் உண்டு. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வந்திருப்பது 50 யூனிட். நோயாளியின் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை. தினம் பத்துக் கணக்கு என்று ஒரு நோட்டுப் போட்டு மூன்று மாதம் பழகினால், முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் கை நடுங்காது.

கணக்கோடு சேர்த்துக் கையும் பழக வேண்டும். நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர். சோப்பு போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எது எந்தத் தொட்டிக்கு. வேலையில் இருப்பவருக்கு இவை எல்லாம் தெரிந்தவைதான். அவசரத்தில் குறுக்கியிருக்கும் இடங்கள் எவை என்று தன்னையே ஒரு வாரம் கவனித்தால் திருத்த வேண்டியவை தாமாகத் தெரியும்.

செவிலி என்ற சொல்

தமிழ் வழியில் படித்து, ஜி.என்.எம்.மைத் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் முடித்தவர்களுக்குப் பட்டப்படிப்பின் ஆங்கிலம் பெரிய பயமாக இருக்கிறது. பாடப்புத்தகத்தின் நீண்ட வாக்கியங்களும், ஆராய்ச்சிப் பாடத்தின் சொற்களும் முதல் மாதத்திலேயே மிரட்டும். இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் பிறகு தமிழுக்கு மாறினார். உடற்கூறியல், அறுவை மருத்துவம், மகப்பேறு பற்றிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். கலைச்சொற்களையும் தமிழிலேயே உருவாக்கினார். அவரிடம் அறுபதுக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றார்கள். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அந்த மண்ணிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் இந்தக் கதை சொந்தம்.

கிரீன் காட்டிய வழியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பின்பற்றலாம். ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல், எதிர்ப்பக்கத்தில் தமிழில் அதன் பொருள், கீழே தன் வார்டில் பார்த்த ஒரு நோயாளியின் நிலை. இப்படி எழுதியது மறக்காது. தேர்வில் ஆங்கிலம் வேண்டும். நோயாளியிடம் தமிழ் வேண்டும். ‘சிஸ்டர், எனக்கு என்னம்மா ஆச்சு?’ என்று பொன்னேரிப் பக்கத்துப் பாட்டி கேட்டால், புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தவரே நல்ல நர்ஸ். சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். அந்தச் சொல்லைத்தான் தமிழ் இந்தத் தொழிலுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறது.

பணமும் உடம்பும்

இரண்டு ஆண்டு சம்பளம் நிற்கும் என்பதே பெரிய தடை. கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் அரசின் கடன் உத்தரவாத நிதியின் கீழ் வங்கிகள் தரலாம். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் கழித்துத் தவணை தொடங்குவது வழக்கம். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கும்மிடிப்பூண்டியில் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையில், வேலையில் இருக்கும்போதே மேலாளரைப் பார்த்துப் பேசிவைப்பது பின்னால் கைகொடுக்கும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குப் பள்ளிப் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை இருக்கிறது. வருமானச் சான்றிதழைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும்.

உடம்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எட்டு மணி நேரம் நிற்கிற கால்களுக்கு மலிவான செருப்பு துரோகம் செய்யும். நல்ல ஷூவுக்குச் செலவழிக்கலாம். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடும். தடுப்பூசி போடாதவருக்கு, அந்தக் கிருமி உள்ள நோயாளியின் ஊசி குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்பு எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு அதிகம். ஊசி குத்திவிட்டால் மறைக்கக் கூடாது, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்திலும், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். 2018இல் கேரளத்தின் பேராம்பிராவில் நிபா நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி, அதே நோயில் உயிரிழந்ததை இந்தத் துறையில் இருக்கும் யாரும் மறக்கவில்லை. தன்னைக் காத்துக்கொள்வது சுயநலம் என்ற எண்ணம் இருந்தால் அதைக் கல்லூரிக்குப் போகும் முன்பே விட்டுவிட வேண்டும்.

பட்டம் வாங்கினால் என்ன கிடைக்கும் என்று வீட்டில் கேட்பார்கள். நர்சிங் பள்ளியில் கற்பிக்கலாம், எம்.எஸ்சி.க்குப் போகலாம். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வுக்கு டிப்ளமோக்காரர்கள் 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். பட்டதாரிகளுக்கு அந்த நிபந்தனை இல்லை. 2014 முதல் தொடங்கிய புதிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 செவிலியர் கல்லூரிகள் அமைக்க 2023இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டுக்கு அதில் 11. அவற்றுக்கெல்லாம் ஆசிரியர்கள் வேண்டும். உலக அளவிலும் 2023இல் 58 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் விட, சமுதாய நலமும் நிர்வாகமும் படித்துத் திரும்பும் ஒருவர் சிப்காட்டின் ஆம்புலன்ஸ் அறையில் உட்கார்ந்தால் அந்த அறையின் வேலையே மாறும். இதுவரை காயத்துக்குக் கட்டுப் போட்டவர், இனி எந்த மிஷினில் எத்தனை பேருக்கு விரல் அடிபட்டது, எந்த மாதம் வெயில் மயக்கம் அதிகம் என்று பதிவேட்டைப் படித்து, பாதுகாப்பு அதிகாரியின் மேசைக்கு எடுத்துப் போவார். அந்தப் புள்ளியியல் பாடத்துக்கு இங்கே இப்படியொரு பயன் இருக்கிறது.

ஆகவே சேர்க்கை மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் வரிசை கிடைக்கும். ஏழெட்டு மாதம் முன்பு முதல் தடுப்பூசி, ஆதாரில் பெயர்த் திருத்தம். ஆறு மாதம் முன்பு கணக்கு நோட்டும் சொல் நோட்டும். நான்கு மாதம் முன்பு வங்கி. விண்ணப்பம் வந்த வாரத்தில் தகவல் குறிப்பேடு. கலந்தாய்வுக்கு முந்தின வாரம் அனுபவச் சான்றிதழும் தடையில்லாச் சான்றும். சீட் கிடைத்த நாளில் விடுதி. புறப்படுவதற்கு முந்தின இரவில் ஃபைலில் மேலாக இருக்க வேண்டியது அந்தத் தடுப்பூசிக் கார்டு: மூன்று கட்டத்திலும் தேதி, அதன் பின்னால் பின் செய்த ரத்தப் பரிசோதனை முடிவு. காலையில் கும்மிடிப்பூண்டி நடைமேடையில், ஷிப்டுக்கு வந்து இறங்குகிறவர்கள் காலி செய்த அதே பெட்டியில் ஏறி உட்கார்ந்தால் சென்ட்ரல் ஒன்றரை மணி நேரம்.